மூச்சை அடக்குகிறவர்கள்

நிக் பிராண்டின் ‘தி டே மே பிரேக்’ படங்கள் அழகானவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் படங்களோடு எனக்குள்ள சண்டை. கறுப்பு வெள்ளையில், பனிமூட்டத்துக்குள், ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு யானை நிற்கிறது. நடுவில் கம்பி இல்லை, அகழி இல்லை. அவள் யானையைப் பார்க்கவில்லை. யானையும் அவளைப் பார்க்கவில்லை. ஒரே ரயில் நிலையத்தில் ஒரே வண்டிக்குக் காத்திருக்கும் இரண்டு பேரைப் போலிருக்கிறார்கள். அந்த வண்டி வராது என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஜிம்பாப்வேயிலும் கென்யாவிலும் உள்ள விலங்குக் காப்பகங்களில் எடுக்கப்பட்டவை இவை. படத்திலுள்ள விலங்குகள் பெரும்பாலும் மீட்கப்பட்டவை. தாயை வேட்டைக்காரர்கள் கொன்றதால் அநாதையானவை, நஞ்சு வைக்கப்பட்டுப் பிழைத்தவை, இருந்த காட்டை இழந்தவை. இனி ஒருபோதும் காட்டுக்குத் திரும்ப முடியாதவை. மனிதர்களோடு பல வருடம் பழகிவிட்டதால்தான் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார அவை விடுகின்றன. மனிதர்களும் ஏதோ ஒருவகையில் பிழைத்து வந்தவர்களே. வறட்சியில் நிலம் போனவர்கள், 2019 மார்ச்சில் வந்த இடாய் சூறாவளியில் வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில், ஒரே சட்டகத்துக்குள் வைத்துப் படம் எடுத்திருக்கிறார். கணினியில் ஒட்டுப்போட்ட வேலை இல்லை. பனிமூட்டம் மட்டும் செயற்கை. நீராவிப் புகை கக்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. 2021இல் புத்தகமாக வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காட்சிக்கூடங்கள் இந்தக் கலைஞரை வரவேற்று, ஆளுயரத்துக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டின. 2022இல் பொலிவியாவுக்குப் போய் அங்குள்ள காப்பகம் ஒன்றில் இதன் இரண்டாம் பாகத்தை எடுத்தார்.

பிராண்ட் புதியவர் இல்லை. மைக்கேல் ஜாக்சனின் ‘எர்த் சாங்’ பாடலுக்கு 1995இல் காட்சி இயக்கியவர் அவர்தான். அந்த வேலைக்காக ஆப்பிரிக்கா போனவருக்கு விலங்குகள்மேல் பிரியம் வந்து, பிறகு அதுவே தொழிலானது. 2010இல் விலங்குப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார். தூரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு நீள லென்ஸில் சிங்கத்தை இழுத்துப் பிடிக்கிற வகையைச் சேர்ந்தவர் இல்லை அவர். கிட்டே போய் எடுப்பவர்.

தமிழில் நாம் ‘படம் பிடிப்பது’ என்கிறோம். மீனையும் பிடிக்கிறோம், படத்தையும் பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் அதே வேலைக்குத் துப்பாக்கியின் வினைச்சொல் இருக்கிறது, சுடுகிறார்கள். காமிராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள இந்தச் சொந்தத்தை டோனா ஹாராவே 1980களில் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை வைத்து எழுதிக் காட்டினார். கொரில்லாவைச் சுட்டு, தோலை உரித்து, பதப்படுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குடும்பமாக நிறுத்திவைத்த கார்ல் ஏக்லி காட்டுக்குள் தூக்கிப்போகத் தோதான ஒரு சினிமாக் காமிராவையும் வடிவமைத்தவர். அவர் நிறுத்திவைத்த விலங்குக் குடும்பத்தில் யார் தலைவன், யார் முன்னே நிற்க வேண்டும், யார் குட்டியோடு ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்து அமெரிக்க ஆணின் வீட்டுக்கூடத்திலிருந்து வந்த ஏற்பாடு என்பது ஹாராவேயின் வாதம். பெண்ணியம் படிக்கிற மாணவிகள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். கடினமான எழுத்துதான், ஆனாலும் படிக்கலாம்.

ஏக்லியோடு ஒப்பிட்டால் பிராண்ட் எவ்வளவோ தூரம் வந்திருக்கிறார். கொல்லவில்லை, துரத்தவில்லை, விலங்கை ராஜாவாக்கவில்லை. படத் தலைப்பில் மனிதரின் பெயரும் விலங்கின் பெயரும் ‘உம்’ போட்டு ஒன்றாக வருகின்றன. யாருக்கும் முன்னுரிமை இல்லை. இந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம் ஏன் சண்டை?

முதுகலை மாணவிகளுக்கு நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் இந்தப் படங்களை வகுப்புத் திரையில் போட்டுக் காட்டினேன். எங்கள் கல்லூரிக்கு வருபவர்களில் கால்வாசிப் பேராவது கடற்கரை ஊர்ப் பெண்கள். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன். பத்துப் பன்னிரண்டு படங்கள் ஓடின. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “மேம், இதுல யாருமே வேலை செய்யலையே?”

“உக்காந்தே இருக்காங்க” என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

“அந்த யானைக்கு யாரு மேம் தீனி போடுறது?”

மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தோம். மடியில் கிடக்கும் கைகள், தொங்கும் கைகள், ஒன்றையொன்று பற்றிய கைகள். விலங்கின்மேல் படாத கைகள். ஒரு காப்பகம் என்பது காலை முதல் இரவுவரை வேலை நடக்கிற இடம். புட்டியில் பால் கரைக்க வேண்டும், சாணம் அள்ள வேண்டும், புண்ணுக்கு மருந்து போட வேண்டும், ராத்திரி குட்டியோடு படுக்க வேண்டும். அந்த உழைப்பு நடந்திருக்காவிட்டால் இந்த யானை அந்நியப் பெண்ணுக்குப் பக்கத்தில் இப்படிச் சாந்தமாக நிற்காது. படம் சாத்தியமானதே அந்தக் கைகளால்தான். பனிமூட்டம் முதலில் மறைப்பது அவற்றைத்தான்.

முதுமலைக்குப் போவோம். கார்த்திகி கொன்சால்வஸின் ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ (2022) தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற இரண்டு அநாதைக் குட்டிகளைப் பற்றியது. வளர்த்தவர்கள் பொம்மனும் பெள்ளியும். இயக்குநர் அடிப்படையில் புகைப்படக்காரர். காட்டின் ஒளியை அவர் வாங்கியிருக்கிற விதத்தில் அது தெரியும். இதில் கைகள் இருக்கின்றன. குளிப்பாட்டும் கை, உருண்டை பிடித்து ஊட்டும் கை. பெள்ளியின் கைகளை மறக்க முடியவில்லை. ஆனால் படம் அந்தக் கைகளின் செயலை ‘அன்பு’ என்று மட்டுமே பெயரிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு யானைக்குட்டி பிள்ளையானது என்று கதை போகிறது. அது பொய்யில்லை. ஆனால் பெண் செய்கிற வேலைக்கு அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது அசிங்கமாகிவிடும் என்பதை நம் வீடுகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2023 மார்ச்சில் ஆஸ்கர் வந்தது. ரகுவைப் பார்க்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் தெப்பக்காட்டில் கூட்டம் கூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெள்ளிக்கு நிரந்தரக் காவடிப் பணிக்கான ஆணை கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்றார்கள். ஆஸ்கரையும் ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு இரண்டாவதுதான் பெரியதாகத் தெரிகிறது. வேலைக்கு வேலை என்று பெயர் கிடைத்திருக்கிறது.

பிராண்டின் கென்யப் படங்களில் ஒன்றில் நஜின் இருக்கிறாள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம். 2018 மார்ச்சில் சூடான் என்ற கடைசி ஆண் செத்துப்போன பிறகு உலகத்தில் மிச்சமிருப்பவை இரண்டே இரண்டு: நஜினும் அவள் மகள் ஃபாத்துவும். பனிமூட்டத்தில் மனிதர்கள் சூழ அவள் நிற்பதைப் பார்க்கும்போது துக்கம் வருகிறது. படம் நம்மிடம் கேட்பதும் அதைத்தான். ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்தில் நஜினின் உடம்புக்கு வேறொரு வாழ்க்கையும் இருந்தது. 2019 ஆகஸ்டிலிருந்து விஞ்ஞானிகள் இரண்டு பெண் மிருகங்களையும் மயக்கி, சினைப்பையிலிருந்து கருமுட்டைகளை எடுக்கத் தொடங்கினார்கள். சேர்த்துவைத்த விந்துவோடு ஆய்வகத்தில் கருவாக்கி, வேறொரு காண்டாமிருகத்தின் வயிற்றில் வளர்ப்பது திட்டம். 2021இல் நஜினை அதிலிருந்து விடுவித்தார்கள். வயதாகிவிட்டது, உடம்பில் கட்டிகள் இருந்தன, முட்டைகளும் பயன்படவில்லை. இனி அவளை மயக்குவது நியாயமில்லை என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஒரு மிருகத்தின் கருப்பை ஓய்வுக்காக அப்படியொரு கூட்டம் நடந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் ஊர்க் கருத்தரிப்பு மையங்களின் வரவேற்பறைகளை நினைத்துக்கொண்டேன். இதில் எதையும் படத்துக்குள் சொல்லிவிட முடியாது, தெரியும். ஆனாலும் ‘கடைசி’ என்ற சோகத்துக்குள் ‘பெண்’ என்ற தகவல் கரைந்துபோகிறது. இனத்தின் பாரம் முழுவதும் இரண்டு பெண் உடம்புகள்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. நாம் பார்ப்பதோ மூட்டத்தில் ஒரு பெரிய, மெளனமான உருவத்தை.

எங்கள் கடலிலும் அப்படியொரு பெண் உண்டு. புத்தகத் தமிழில் கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பாலூட்டி. முன்துடுப்பின் கக்கத்தில் முலை. பேறுகாலம் ஒரு வருடத்துக்கும் மேல்; ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டி; அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம். முலை இருந்த ஒரே காரணத்துக்காக ஐரோப்பிய மாலுமிகள் இதையும் இதன் உறவுக்கார விலங்குகளையும் கடற்கன்னி ஆக்கினார்கள். 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் கடலில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், ஓவியங்களில் காட்டுகிற அளவுக்கு அவர்கள் அழகாயில்லை என்றும் குறித்துவைத்திருக்கிறார். தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்த விலங்கை முதலில் பெண்ணாக்கி, பிறகு அழகில்லை என்று மதிப்பெண் குறைத்த இந்த விமர்சனத்தை என்னென்று சொல்ல! விலங்கியலும் அந்த வரிசைக்கு மயக்கிக் கொல்லும் கடல்தேவதையின் பெயரையே வைத்தது: சைரீனியா. நம் ஆட்கள் பசு என்று மட்டும் சொன்னார்கள். அதிலும் பால் கறக்கிற நினைப்பு இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கள். ஆனாலும் புல் மேய்கிற ஒன்றைப் புல் மேய்கிற ஒன்றாகவே பார்த்த கண் அது.

பிராண்டுக்கு அறுபது வருடம் முன்பே ‘மீட்கப்பட்ட காட்டுயிரைப் போய்ப் பார்த்தல்’ மண்டபத்தில் நடந்திருக்கிறது. 1950களின் இறுதியில் வலையில் சிக்கிய ஆணும் பெண்ணுமான இரண்டு கடல்பசுக்களை மண்டபம் முகாமிலிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் குளத்தில் விட்டு வளர்த்தது. சுமார் பத்து வருடம் உயிரோடு இருந்தன. அடைபட்ட கடல்பசுவின் நடத்தையைப் பற்றி எஸ். ஜோன்ஸ் எழுதிய ஆய்வுக் குறிப்பு இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கடல்பசு நாளைக்கு முப்பது கிலோ அளவுக்குக் கடற்புல் தின்னும். பத்து வருடம், இரண்டு வயிறு. அவ்வளவு புல்லையும் யாரோ தினமும் கடலில் இறங்கிப் பறித்திருக்க வேண்டும். கூடையில் சுமந்து வந்திருக்க வேண்டும். என் மாணவி கேட்ட கேள்வியை மண்டபத்துக் குளத்திடமும் கேட்கலாம்: தீனி போட்டது யார்?

கடலுக்குள் இறங்கிப் பறிப்பது இந்தக் கரையில் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆண் வலை போடுவான், பெண் பாசி எடுப்பாள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. விடியுமுன் படகேறித் தீவுகளை ஒட்டிய பாறைத் திட்டுகளுக்குப் போய், சேலைமேல் ஆண் சட்டை போட்டு, இடுப்பில் வலைப்பை கட்டி, கண்ணாடி மாட்டி, விரல் விரலாகத் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்குவார்கள். எழுந்து மூச்சு வாங்கி மறுபடி முங்குவார்கள். பாறை கிழிக்கும், சொறி எரிக்கும், மீன் முள் குத்தும். எடுத்த பாசி காய்ந்து, எடை போடப்பட்டு, ஆலைக்குப் போய் அகர் ஆகவும் ஆல்ஜினேட் ஆகவும் மாறும். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் துணிச்சாயத்திலும் நாம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளத்தையும் கடற்புல்லையும் கடல்பசுவையும் காப்பாற்ற. தேவையான காரியம்தான், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே அதில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. ஆனால் வெட்டியவர்களும் இழுவைமடி போட்டவர்களும் பெற்ற அதே பெயரைப் பாசி எடுக்கிற பெண்ணும் பெற்றாள்: அத்துமீறி நுழைந்தவள். அம்மாவும் பாட்டியும் முங்கிய இடத்தில் அவளுடைய பாசி பறிமுதலானது. பாதுகாப்பின் காட்சிமொழியில் அவளுக்கு இடமே இல்லை. சுவரொட்டியில் நீலக்கடல், பச்சைப் புல், தாயும் குட்டியுமாகக் கடல்பசு. மனிதச் சுவடற்ற தூய கடல். அந்தப் படத்துக்குள் ஒரு பெண் சட்டையும் கண்ணாடியுமாக முங்கினால் படம் கெட்டுப்போகும்.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கூடிப் பேசினார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, கோடைத் தடைக்காலத்தில் முழுக்க நிறுத்துவது, உலோகச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் பறிப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் கலிபோர்னியாவிலுள்ள சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது. உலகத் தீவுகளின் சூழலைக் காத்தவர்களுக்கான விருது. உள்ளூரில் அத்துமீறியவர், அமெரிக்காவில் காவலர்.

எம். பழனிகுமாரின் படங்கள் எனக்கு முக்கியமாவது இங்கேதான். மதுரைக்காரர். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பி. சாய்நாத் தொடங்கிய பாரி இணைய ஆவணத்துக்காக, ராமநாதபுரம் மாவட்டத்து பாரதிநகர்ப் பாசிப் பெண்களைத் தொடர்ந்து படமெடுத்து 2019இல் வெளியிட்டார். 2022இல் முதல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. மீன் விற்று வளர்த்த தன் தாயைப் பற்றியும் ஒரு படத்தொகுப்பு செய்திருக்கிறார். அதைப் பார்த்தபின் கடல் படங்களை மறுபடி பார்த்தால், பெண்களின் கைகளைப் பார்க்க இவர் எங்கே கற்றார் என்று புரியும்.

நனைந்த உடையில் வேலை செய்யும் பெண்களை ஓர் ஆண் படம் எடுப்பது என்றவுடன் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். சினிமா நமக்கு அவ்வளவு செய்திருக்கிறது. இவர் படங்களில் அது அடிக்கவில்லை. காரணம், கண்ணை உடம்புக்குப் போக விடாமல் வேலைக்கு இழுக்கிறார். துணி சுற்றிய விரல்கள், தோளில் இறங்கும் வலைப்பையின் கனம், படகில் குவிந்த பாசிக்கு நடுவே கால் வைக்க இடம் தேடும் பாதம். பெரும்பாலான படங்களில் அந்தப் பெண்கள் நம்மைப் பார்ப்பதில்லை. நேரமில்லை. பிராண்டின் மனிதர்களும் நம்மைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் எங்கோ தொலைவில் பார்க்கிறார்கள்; பழனிகுமாரின் பெண்கள் தங்கள் கையைப் பார்க்கிறார்கள்.

பிராண்ட் பிறகு ஃபிஜிக்குப் போனார். 2023இல் எடுத்த ‘சிங்க் / ரைஸ்’ வரிசையில் விலங்குகள் இல்லை. கடல்மட்டம் ஏறினால் ஊரை இழக்கப்போகிற தீவு மக்கள் கடலுக்கு அடியில், மணல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சோபாவில் சாய்ந்திருக்கிறார்கள். ஏற்றப்பலகை ஆடுகிறார்கள். இதிலும் ஒட்டுவேலை கிடையாது. நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொழில்நுட்பமாகப் பிரமிப்பான வேலை. பார்த்தபோது எனக்கு வந்தது வேறு நினைப்பு. அங்கே ஒரு படத்துக்காக மூச்சை அடக்குகிறார்கள். இங்கே ஒரு கைப்பிடிப் பாசிக்காக. ஃபிஜியின் நீர்ப்படங்களில் கடலடி என்பது வரப்போகும் அழிவின் மேடை. பாரதிநகர்ப் பெண்ணுக்கு அது இன்றைக்குக் காலையின் வேலைத்தலம். அழிவைக் காட்டுவதற்கு அவளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியதில்லை. போன வருடம் இருந்த பாசி இந்தப் பாறையில் இல்லை என்று அவள் விரலுக்குத் தெரிகிறது.

கடல்பசுவும் மூச்சை அடக்கும் உயிர்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் வெட்டுக்காயத்தால் சாவதில்லை. மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாகிறது. கடலிலேயே வாழும் ஒன்று கடலில் மூழ்கிச் சாகிறது. ஆவுளியாவையும் பாசிப் பெண்ணையும் ஒரே சட்டகத்தில் வைக்க எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான காரணம் இந்த மூச்சு. ‘இருவரும் பாதிக்கப்பட்டவர்கள்’ என்பதைவிட இது உறுதியான உறவு.

நெய்தலை நடத்தும் எவருக்கும் இங்கே ஓர் உறுத்தல் வரும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அவன் கடலுக்கோ தேரேறியோ போய்விடுவான். அவள் கானலில் நின்று கடலைப் பார்த்து வருந்துவாள். அவளுக்கு வேலை கொடுக்கப்பட்ட இடங்களும் கரைமேல்தான்: காயும் மீனுக்குப் பறவை ஓட்டுவது, உப்பு விற்பது. கடல் என்பது பெண் பார்க்கிற இடம். இரண்டாயிரம் வருடமாக அந்தக் கரையிலிருந்து அவளை நாம் இறக்கவில்லை. தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த மாதா கோயில் சுவருக்கு முன்னால் கல்யாண ஜோடிகளின் படப்பிடிப்பு நடக்கும். பெண்ணை நிற்க வைத்து, காற்றில் முந்தானையைப் பறக்கவிட்டு, கடலைப் பார்க்கச் சொல்வார்கள். அதே இரங்கல் போஸ். பக்கத்தில் சங்கும் சிப்பியும் விற்கிற பெண்கள் சட்டகத்துக்குள் வராமல் ஒதுங்கச் சொல்லப்படுவார்கள். பாசி எடுக்கும் பெண் இந்தத் திணை ஒழுங்கை உடைத்துவிட்டு உள்ளே இறங்கியவள். அவளைப் பற்றி ஏன் நம் கவிதை இவ்வளவு தாமதம் என்பது என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இன்னொரு வகைப் படம் உண்டு. எந்தக் காட்சிக்கூடமும் மாட்டாதது. மகாராஷ்டிரத்தில் 2018இன் இறுதியில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பாதுகாக்கப்பட்ட கடலுயிர் சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடு, விட்டதைப் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பு, வலைக்கு நஷ்டஈடு 25,000 ரூபாய் வரை. நம் கரையிலும் கடல்பசுவை உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை மேடை போட்டுப் பரிசு கொடுக்கிறது. ஆட்டத்தில், செல்போனில், விரல் நுனி பாதி மறைத்து எடுத்த படங்கள். கலையழகு சுத்தமாகக் கிடையாது. ஆனால் படம் முடியும்போது விலங்கு சட்டகத்தைவிட்டுப் போய்விட்டிருக்கும். வெறும் தண்ணீர் மட்டும் தெரியும். விலங்கு இல்லாமல் போவதே வெற்றியாக இருக்கிற ஒரே விலங்குப் படம் எனக்குத் தெரிந்து இதுதான். இதில் ஒரு குறை. கிழிந்த வலை கரைக்கு வந்தபின் அதைப் பின்னுவதில் பெண்களும் உண்டு. அதற்குப் படமும் இல்லை, பரிசும் இல்லை.

மாணவிகளிடம் வீட்டில் ஒரு கையைப் படம் எடுத்து வரச் சொன்னேன். பாசிக்குப் போகிற அம்மாவின் மகள் ஒருத்தி, கரை திரும்பிய அம்மா துணியை அவிழ்க்கும் நேரத்தில் எடுத்திருந்தாள். ஊறி வெளுத்து, கோடு கோடாய்க் கீறல் விழுந்த விரல்கள். நல்ல படம். கூடவே இன்னொரு படமும் இருந்தது. “எங்கம்மா திட்டுச்சு மேம். ‘ஏண்டி, இந்தக் கையைப் போயா எடுக்குற, மூஞ்சிய எடு’ன்னுச்சு.” இரண்டாவது படத்தில் அம்மா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. பக்கத்தில் ஓர் ஆடு, யாரும் அழைக்காமல் வந்து நின்றிருக்கிறது. பனிமூட்டம் மட்டும்தான் இல்லை. பிராண்டின் மனிதர்கள் ஏன் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று கேட்ட அதே வகுப்பு இந்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. ஒரு நாளாவது வேலை செய்யாமல் உட்கார்ந்த நிலையில் பார்க்கப்பட வேண்டும் என்கிற ஆசைக்கு எதிராக நான் என்ன வாதம் வைக்க? அந்த ஓய்வை அவரே தேர்ந்தெடுத்தார், சேலையையும் அவரே எடுத்துக் கட்டினார் என்பதைத்தான் சொல்ல முடியும். பிராண்டின் படத்தில் நாற்காலியை யார் போட்டது என்பது தெளிவாகத் தெரிகிறது.

2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். மனோராவில் கடல்பசுவுக்கென்று பன்னாட்டு மையம் கட்டும் அறிவிப்பும் வந்திருக்கிறது. கட்டினால் சுவர் இருக்கும். சுவர் இருந்தால் படம் மாட்டுவார்கள். புகைப்படக் கலைஞர்களை அழைப்பார்கள், வரவேற்புரை இருக்கும், பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டி வருவார்கள். நீலத்தில் மிதக்கும் தாயும் குட்டியும் நிச்சயம் இருக்கும். அது இருக்கட்டும். அதே சுவரில் முங்குகிற பெண்ணும் வேண்டும். வலை பின்னும் கையும் வேண்டும். கடல்பசு போனபின் மிஞ்சிய அந்த ஆட்டமான தண்ணீர்ப் படமும் வேண்டும். நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருப்பவரின் படத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று அவர் மகளிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஆடு வேண்டாம் என்று அம்மா சொல்லக்கூடும் என்றாள்.